நான் வாங்கிய புழுக்கை அடுப்பு

என் மனைவியின் அண்ணன் கனடாவில் இருக்கிறார். ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தபோது, தங்கள் வீட்டுக்குப் புதிதாகப் பூட்டிய அடுப்பைக் காட்டினார். அது ஒரு சின்ன அலுமாரி அளவில், முன்பக்கம் கண்ணாடியோடு நின்றது. மரத்தூளை இறுக்கிச் செய்த, விரல் நுனி அளவான கட்டிகள் அதற்குள் தாமாகவே விழுந்து எரிந்தன. பெல்லட் அடுப்பு என்றார். சமைப்பதற்கு இல்லையாம், எல்லோரும் கூடி இருக்கும் அறையைச் சூடாக்கவாம். இங்கே கிளிநொச்சியில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற, முதுகில் வியர்வை ஓட, ஒரு மனிதர் கம்பளிச் சட்டையோடு நெருப்புக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. அறைக்குள் புகை வராதோ என்று மட்டும் கேட்டாள். துளியும் வராது என்றார் அவர்.

அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு இழுப்பு. முட்டு என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். விடியற்காலையில் எழுந்து கட்டிலில் குந்தியிருந்து மூச்சுக்குப் போராடுவாள். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். கிளினிக்கில் வாய்க்குள் அடிக்கும் பம்ப் கொடுத்திருந்தார்கள். பம்ப் மட்டும் காணாது, விறகுப் புகையை நிற்பாட்டாவிட்டால் ஒருநாள் இந்தப் பம்ப்பும் உதவாமல் போகும் என்று டொக்டர் என் முகத்தைப் பார்த்தே சொல்லியிருந்தார். எங்கள் குசினியிலோ முப்பது வருடமாக விறகும் பனைமட்டையும் சிரட்டையும்தான். காஸ் அடுப்பு வாங்குவோம் என்றால் அவள் அறவே சம்மதிக்கவில்லை. சிலிண்டர்கள் வெடித்த கதைகள் ஊரெல்லாம் உலாவிய காலத்திலேயே அவள் முடிவெடுத்துவிட்டாள். "சண்டையில வெடிச்சதெல்லாம் காணும். இனிக் குசினிக்குள்ளயும் வேண்டாம்" என்றாள். காஸ் கதை அதோடு முடிந்தது. மின்சார அடுப்போ, எங்கள் தெருவில் மழை இருட்டினாலே கரண்ட் போய்விடும்.

ஆகவே ஒரு பெல்லட் அடுப்புத் தேட வேண்டும் என்று நான் வெளிக்கிட்டேன். இங்கே யாரிடம் அது இருக்கும் என்று நினைக்காதீர்கள். காஸுக்கு வரிசையில் நின்று ஊர் களைத்துப்போன நாள் தொட்டு, உமியையும் மரத்தூளையும் கட்டியாக்கி எரிக்கும் சமையல் அடுப்புகள் பலவிதமாக வந்துவிட்டன. வந்தவற்றில் எது நல்லது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி என்னிடம் வந்தால் எளிதில் முடியாது.

நான் இருபத்தைந்து வருடம் நெல் கொள்வனவுக் களஞ்சியத்தில் பொறுப்பாளராக இருந்தவன். சாக்கின் வாயில் தெரியும் நெல் எப்போதும் நல்ல நெல்தான். ஈர நெல்லும் பதரும் நடுவில் இருக்கும். அதனால் கூரான குழாய் ஒன்றைச் சாக்கின் வயிற்றில் குத்தி, நடு நெல்லை எடுத்துப் பார்த்துத்தான் வாங்குவோம். இந்தப் பழக்கம் உத்தியோகத்தோடு நிற்கவில்லை. மீனின் செவுளைக் கிளப்பிப் பார்க்காமல் நான் விலை கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுச் சோற்றையே கிளறிக் கல் பார்த்துச் சாப்பிட்டவன் என்று மனைவியின் ஆட்கள் இன்றைக்கும் என்னைப் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். ஏமாந்து நின்ற களஞ்சியப் பொறுப்பாளரை ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

முதலில் கிளிநொச்சி நகரில் ஒரு கடைக்குப் போனேன். அடுப்பு பளபளவென்று இருந்தது. புகையே வராது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை. அப்படியென்றால் இங்கேயே ஒருக்கால் மூட்டிக் காட்டுங்கோ என்றேன். கடைக்குள் மூட்டினால் பெயின்ட் டின்கள் பற்றிவிடும் என்றார். சரி, வாசலில் மூட்டுங்கோ என்றேன். வாசலில் காற்று என்றார். காற்றுக்கும் பயம், பெயின்டுக்கும் பயம் என்றால் அந்த அடுப்பு கடவுளுக்கு முன்னால் மட்டும்தான் எரியும்போலிருக்கிறது. நான் திரும்பிவிட்டேன்.

இரண்டாவது, சனசமூக நிலையத்தில் நடந்த செயல்விளக்கம். நீளக்கைச் சட்டை போட்ட ஒருவர் அடுப்பை மூட்டி, கேத்திலை வைத்து, நாலு நிமிடத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். சனம் கை தட்டியது. நான் அவர் அடுத்த கேத்திலை நிரப்பும்வரை காத்திருந்து, வாளித் தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. வெயிலில் கிடந்த வாளி என்று அவர் சொன்னார். வாளி நின்ற இடம் நிழல். ஒருவேளை முதலில் வெயில் பட்டு, பிறகு நிழல் நகர்ந்து வந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது என் வேலையில்லை.

மூன்றாவது ஆள் பரந்தன் சந்திக்குக் கிட்ட இருந்த இரும்பு ஒட்டுவேலைக்காரர். நாற்பது வயதிருக்கும். கேற்றும் யன்னல் கிறிலும் செய்கிறவர், தானாகவே ஒரு அடுப்பு உருவாக்கியிருந்தார். இரும்பு உருளைக்குள் உமிக்கட்டியைப் போட்டு மேலிருந்து மூட்டவேண்டும். அடியில் உள்ளங்கை அளவில் ஒரு சின்ன விசிறி காற்றை ஊதும். கரண்ட் போனால் பற்றரியில் ஓடும். கட்டிகள் ஓமந்தைப் பக்கத்து ஆலையொன்றிலிருந்து வருகின்றன என்றார். அவர் கடைக்குள்ளேயே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மேலே தேத்தண்ணிக் கேத்தில். புகை இல்லை. நீல நெருப்பு. இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக எரிக்கிறாரா, உண்மையிலேயே அதில்தான் தேத்தண்ணி போடுகிறாரா என்று பார்க்கவேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாம் முறை போனேன். அடுப்பில் கேத்தில் இருந்தது. மூன்றாம் முறை கடை திறக்கிற நேரத்துக்கே போய் நின்றேன். ஆள் காஸ் அடுப்பில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பிடித்துவிட்டேன் அல்லவா. என்ன தம்பி, உம்முடைய அடுப்பு எங்கே என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"கட்டி முடிஞ்சுபோச்சு ஐயா. லொறி நாளைக்குத்தான் வரும். நீங்கள் வாங்கினாலும் சிலவேளை இப்பிடித்தான் வரும், ரெண்டு சாக்கு முன்னுக்கே வாங்கி வைக்கவேணும்" என்றார்.

பொய் சொல்ல அவருக்குப் போதிய நேரம் இருந்தது. சொல்லவில்லை. நான் அந்த இடத்திலேயே அடுப்பை வாங்கினேன். வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும்போது, உண்மையைச் சொல்லி ஆளை விழுத்துவதும் ஒரு வியாபார வித்தைதானோ என்று பாதி வழியில் யோசித்ததையும் மறைக்கமாட்டேன்.

லொறி வந்த பிறகு போய் எடுத்துவந்த இரண்டு சாக்கு உமிக்கட்டியைப் பார்த்ததும் மனைவி முதன்முதலாகச் சிரித்தாள். "இது ஆட்டுப் புழுக்கை மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் புழுக்கை அடுப்பு என்றே பெயர். நல்ல நேரம் பார்த்து, அடுப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, புதுப்பானையில் பால் காய்ச்சினாள். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அவளுடைய தங்கச்சியும் வந்து நின்றாள். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தபோது இருவருக்கும் முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோஷம்தான். அன்றைக்குக் குசினிச் சுவரில் சாய்ந்துகொண்டு அவள் இருமாமல் கதைத்ததை நான் கவனித்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காலையில் விசிறி சுற்றவில்லை. குசினி முழுக்கப் புகை. அவள் வெளியில் ஓடிப்போய்க் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருமினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒருநாள், ஒரேயொரு நாள் வேலை செய்கிற விசிறி. அடுப்பைத் திரும்பக் கட்டிக்கொண்டு பரந்தனுக்குப் பறந்தேன். கடையில் கேற் வாங்க வந்த நாலு பேர் நின்றார்கள். அவர்கள் கேட்கவேண்டும் என்றே உரத்த குரலில், பழைய விசிறியைப் பூட்டி ஏமாற்றுகிறீர் என்று சொன்னேன். நோயாளி ஒருத்தி இருக்கிற வீடு என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் அடிப்பக்கத்தைக் கழற்றினார். விசிறி இதழ்களில் மஞ்சளாக ஆடை படிந்து காய்ந்திருந்தது. எறும்பு வேறு மொய்த்திருந்தது.

"பால் பொங்க விட்டனீங்களோ ஐயா?" என்று கேட்டார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. வழிந்த பால் காற்றுத் துளைகளுக்குள்ளால் இறங்கி நேரே விசிறியில் விழுந்திருக்கிறது. அவரோ, எல்லா வீட்டிலும் இதே கூத்துத்தான், விற்கும்போது சொல்ல நினைப்பேன், மங்கல காரியத்துக்குத் தடை சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று தன் பேரில் பிழையைப் போட்டுக்கொண்டார். புது விசிறி பூட்டினார். ஒரு சதமும் வாங்கவில்லை.

வேறொருவர் என்றால் அந்த இடத்தில் வெட்கப்பட்டுத் திருந்தியிருப்பார். எனக்கு வந்தது அடுத்த சந்தேகம். சும்மா ஏன் ஒரு மனிதர் விசிறி பூட்டித் தருகிறார்? அடுப்பில் இல்லாத லாபம் வேறெங்கோ இருக்கிறது. எங்கே? உமிக்கட்டியில். அடுப்பை ஒருமுறைதான் வாங்குவோம், கட்டியைக் காலம் முழுக்க வாங்கவேண்டும். கட்டிக்குள் மண்ணைச் சேர்த்து இறுக்கியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

வீட்டுக்கு வந்து ஒரு பிடி கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்து, மண் அடியில் தங்குகிறதா என்று பார்த்தேன். தங்கவில்லை. சாக்கின் அடியிலிருந்து எடுத்தும் கரைத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. அப்போதும் என் மனம் ஆறவில்லை. களஞ்சியத்தில் செய்வதுபோலச் செய்தேன். இரண்டு சாக்கையும் குசினி மூலையில் இருந்த நீலப் பிளாஸ்டிக் பரலுக்குள் கொட்டி மட்டமாக்கி, பரலின் உட்பக்கம் மாக்கரால் ஒரு கோடு போட்டேன். ஏழாம் நாள், ஒரு கிழமை முடிய, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து அடுத்த கோடு. பாரம் குறைந்த, மோசமான கட்டி என்றால் மளமளவென்று இறங்கும். அப்போது ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

முதல் கிழமை ஒரு சாண் இறங்கியது. நான் பரலுக்குள் தலையை விட்டபடி, இவ்வளவு கெதியாய் இறங்குகிறதே என்று சொன்னேன். மனைவி அரிவாள்மணையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், பிறகு வெங்காயத்துக்கே திரும்பினாள். நான் பரலோடும் அந்தப் பரந்தன் மனிதரோடும்தான் கதைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் கிழமை பாதிச் சாண். மூன்றாம் கிழமை நாலு விரல் கூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. புது விசிறி நன்றாக ஊதுகிறது, கட்டியும் நல்ல கட்டி, நான் தெரிந்தெடுத்த அடுப்பு சோடை போகவில்லை என்று மைத்துனருக்குக் கனடாவுக்கே சொன்னேன்.

ஆனால் அந்த மூன்றாம் கிழமையில்தான் அவளுக்குத் திரும்பவும் முட்டு வந்தது. விடியற்காலையில் அதே விசில் சத்தம். முன்பு ஒருநாளைக்கு இரண்டு தரம் அடித்த பம்ப்பை நாலு தரம் அடித்தாள். புகையில்லாத அடுப்பு, புகையில்லாத குசினி, பிறகு எப்படி? எனக்கு விடை கிடைத்துவிட்டது. கட்டியை ஒட்டுவதற்கு ஏதோ பசை சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நச்சு அதிலிருந்து வருகிறது. என் மனைவியின் நெஞ்சுக்குள் அதுதான் போகிறது. காலையில் வழக்கம்போல வயலுக்குப் போவதாகச் சொல்லி வெளிக்கிட்டவன், நேரே பரந்தனுக்குப் போனேன்.

இந்த முறை நான் கத்தவில்லை. என்ன பசை போடுகிறீர், மறைக்காமல் சொல்லும் என்று கேட்டேன். பசையே இல்லை, உமியை மெசினில் வைத்து நெருக்கும் நெருக்கிலேயே அது ஒட்டிக்கொள்ளும் என்றார். பிறகு, எவ்வளவு காலத்துக்கு எவ்வளவு கட்டி எரிக்கிறோம் என்று கேட்டார். கோட்டுக் கணக்கு எனக்கு மனப்பாடம். பெருமையாகவே சொன்னேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கு மூண்டு நேரம் சமைக்க அது காணாது ஐயா. அக்கா வேற என்னத்தில சமைக்கிறா?"

நல்ல வியாபாரி, இன்னும் கட்டி விற்கப் பார்க்கிறான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த எண்ணத்தோடுதான் மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன். வீட்டை நெருங்கியபோது காலை பத்து மணி இருக்கும். கூரைக்கு மேலே, முருங்கை மரத்துக்குப் பின்னாலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

கிணற்றடிக்கு அப்பால், வேலியோரமாக மூன்று கல் வைத்து அவள் சோறு காய்ச்சிக்கொண்டிருந்தாள். பனைமட்டை ஈரம்போல, எரியாமல் புகைந்தது. குந்தியிருந்து ஊதுகுழலால் ஊதினாள், ஊதிவிட்டு மூச்சு வாங்கினாள், பிறகும் ஊதினாள். பக்கத்தில் ஒரு கல்லின் மேல் பம்ப் இருந்தது. சத்தம் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தவள் எழும்பவில்லை. எழும்ப மூச்சு இருக்கவில்லை.

"அடுப்பு உள்ளுக்குக் கிடக்கெல்லே?" என்றேன்.

"கிடக்கு" என்றாள். மூச்சை இழுத்துவிட்டு, "நீங்கள் பரலில கோடு போட்டனீங்கள்தானே. கோட்டுக்குக் கீழ கனக்கப் போகாமல் பாத்துக்கொண்டன்" என்றாள்.

அது உனக்குப் போட்ட கோடு இல்லை, அந்தக் கட்டி வியாபாரியைப் பிடிக்கப் போட்டது என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

"என்னட்டை நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லை. இவ்வளவு கெதியா இறங்குதே எண்டு மட்டும்தான் சொன்னனீங்கள். தங்கச்சிக்கு அள்ளிக் குடுக்கிறன் எண்டு நினைக்கிறியளாக்கும் எண்டு நான் நினைச்சன்."

அப்படி நினைக்கவேயில்லை என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. முதல் கிழமையில் ஒருநாள் பின்னேரம் அவளுடைய தங்கச்சி ஒரு பையோடு படலையால் வெளியே போனாள். நான் அந்தப் பையைப் பார்த்தேன். பையின் பாரத்தைப் பார்த்தேன். பை வாயில் முருங்கையிலை தெரிந்தது. அதற்கு அடியில் என்ன இருக்கும் என்று ஒரு கணம் யோசித்தேன். என் மனைவிக்கு என்னைத் தெரியும். முப்பது வருடம் என்னோடு சீவித்தவள் பிழையாக நினைக்கவில்லை.

மூன்று கல்லுக்கும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். பாதி வெந்த சோற்றைக் குசினிக்குள் கொண்டுபோய், புழுக்கை அடுப்பை நானே மூட்டினேன். எனக்கு மூட்டத் தெரியவில்லை. வாசற்படியில் இருந்துகொண்டு, தேங்காய்த் தும்பை மேலே வையுங்கோ, விசிறியைப் பிறகு போடுங்கோ என்று அவள் மூச்சுக்கு நடுவே சொல்லித் தந்தாள். சோறு வடித்த பிறகு பரலைச் சரித்து, மண்ணெண்ணெய்த் துணியால் கோடுகள் எல்லாவற்றையும் தேய்த்து அழித்தேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. "இனி நிறைய அள்ளிப் போடு. கட்டி முடிஞ்சா நான் வாங்கித் தாறன்" என்று மட்டும் சொன்னேன். அவள் ஓம் என்றாள்.

அதன் பிறகு விறகு மூட்டியதில்லை. கிளினிக்கில் நெஞ்சுச் சத்தம் குறைந்திருக்கிறது என்றார்கள். பம்ப்பும் பழையபடி இரண்டு தரத்துக்கு வந்துவிட்டது. அடுப்பு நல்ல அடுப்பு. பரந்தன் மனிதர் நேர்மையான மனிதர். இதை எழுதுகிற இன்றைக்காவது சொல்லிவிடவேண்டும்.

காலையில் அவள் தேத்தண்ணி வைக்கும்போது நான் குசினிக் கதிரையில் இருப்பேன். பால்மா வந்த தகரப் பேணியால் பரலுக்குள்ளிருந்து கட்டி அள்ளுவாள். பேணியின் வாய்க்கு மேலே குவிந்து நிற்பதை உள்ளங்கையால் வழித்துத் திரும்பப் பரலுக்குள் விடுவாள். அடுப்பில் போடுமுன் அந்தப் பேணியை என் பக்கம் ஒருக்கால் சரித்துக் காட்டுவாள். வேண்டாம் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். ஓம் என்கிறாள். அடுத்த நாளும் காட்டுகிறாள்.